அப்பா பேசுகிறார்!
கேசட்டில் இருந்து செல்போனுக்கு ஒரு பயணம்

அடுத்த மாதம் என் அக்காள் மகளுக்குக் கலியாணம்.

பத்திரிகை அடித்தாகிவிட்டது. புடவை எடுத்தாகிவிட்டது. மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது.

ஒரு நாள் மாலை அவள் என்னிடம் வந்தாள்.

"மாமா! எனக்கு ஓர் ஆசை. நீங்கள்தான் நிறைவேற்றி வைக்க வேண்டும்" என்றாள்.

"நகையா?" என்று கேட்டேன்.

"இல்லை. தாத்தா பேசுவதைக் கேட்க வேண்டும்!"

எனக்குப் பேச்சு வரவில்லை.

தாத்தா என்று அவள் சொன்னது என் அப்பாவை. அவர் 1997-ல் இறந்து போனார். இவள் பிறந்தது 1998-ல். தாத்தாவை இவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். போட்டோ சிரிக்கும். ஆனால் பேசாது.

அப்பாவின் பேச்சு ஒரே ஓர் இடத்தில்தான் பதிவாகி இருக்கிறது. அது என் அக்காளின் கலியாண வீடியோ. 1992-ல் எடுத்தது.

அந்த வீடியோவைத் தேடிப் புறப்பட்ட கதைதான் இது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேசட் இருக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன். கேளுங்கள்!

டெலிவிஷன் கை விரித்தது

கலியாணம் முடிந்ததும் 3 மணி நேரம் ஓடும் கேசட் ஒன்றை வீடியோக்காரர் கொடுத்தார். அந்தக் காலத்தில் "டெக்" என்ற பெட்டியில் அதைப் போட்டுப் பார்ப்போம். தெருவில் உள்ளவர்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள்.

பிறகு டெக் பழுதானது. 2004-ல் கேசட்டை ஒரு கடையில் கொடுத்து, "வி.சி.டி." என்ற வட்டத் தட்டாக மாற்றினோம். தட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது.

இப்போது தட்டு இருக்கிறது. போட்டுப் பார்க்கக் கருவி இல்லை. புது டெலிவிஷனில் பென்டிரைவ் செருக இடம் உண்டு. தட்டு செருக இடம் இல்லை.

பக்கத்து வீட்டுப் பையன் தன் பழைய கம்ப்யூட்டரில் தட்டைப் போட்டான். உள்ளே இருந்த படத்தை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தான். கம்ப்யூட்டரில் ஏறிய படத்தை "பைல்" என்பார்கள்.

வீட்டில் எல்லோரும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்தோம். அக்காள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டார்.

பென்டிரைவைச் செருகினேன். பொத்தானை அழுத்தினேன்.

"இந்த பார்மேட்டை இயக்க முடியாது" என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்!

"ஐயோ! படம் அழிந்து போய்விட்டதா?" என்று அக்காள் பதறினார்.

அழியவில்லை. படம் அப்படியே இருக்கிறது. டெலிவிஷனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. தமிழ் மட்டும் படித்தவர் கையில் சீனக் கடிதத்தைக் கொடுத்த மாதிரி!

டிபன் கேரியரும் வற்றலும்

"பார்மேட்" என்றால் என்ன?

டிபன் கேரியரை நினைத்துக் கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் சோறு. ஓர் அடுக்கில் குழம்பு. ஓர் அடுக்கில் பொரியல். எல்லாம் சேர்ந்து ஒரே கைப்பிடியில் வருகிறது.

வீடியோ பைலும் அப்படித்தான். ஓர் அடுக்கில் படம். ஓர் அடுக்கில் ஒலி. சில சமயம் இன்னோர் அடுக்கில் எழுத்து. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கும் பெட்டிக்கு ஒரு பெயர் உண்டு. "எம்.பி.4" என்பது ஒரு பெட்டி. "ஏ.வி.ஐ." என்பது ஒரு பெட்டி. "எம்.கே.வி." என்பது இன்னொரு பெட்டி.

இது பாதி விஷயம்தான். பெட்டிக்குள் இருக்கும் பண்டம் எப்படிப் பக்குவம் செய்யப்பட்டது என்பது மறு பாதி.

சுண்டைக்காயை அப்படியே வைத்தால் கெட்டுப் போகும். இடமும் அடைக்கும். வற்றலாகப் போட்டால் ஒரு டப்பாவில் அடங்கிவிடும். வீடியோவையும் அப்படிச் சுருக்கித்தான் பெட்டிக்குள் வைக்கிறார்கள். சுருக்கவும், மறுபடி விரிக்கவும் ஒரு முறை வேண்டும். அந்த முறைக்கு "கோடெக்" என்று பெயர்.

ஆக, பெட்டி வேறு. பக்குவம் வேறு. இரண்டும் தெரிந்தால்தான் டெலிவிஷன் படத்தைக் காட்டும்.

ஏன் சுருக்க வேண்டும்?

"சுருக்காமல் அப்படியே வைத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

படம் என்பது புள்ளிகளால் ஆனது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல, குறுக்கே 720 புள்ளி. மேலிருந்து கீழே 576 வரிசை. பழைய கேசட் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது வழக்கமாக வைக்கும் அளவு இது. மொத்தம் 4 லட்சத்து 14 ஆயிரத்து 720 புள்ளிகள்.

ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று 3 எண்கள் குறிக்க வேண்டும். இப்படி ஒரு வினாடிக்கு 25 படங்கள்!

3 மணி நேரக் கலியாணத்துக்குக் கூட்டிப் பார்த்தால் சுமார் 335 ஜி.பி. வரும். 32 ஜி.பி. பென்டிரைவ் 11 வேண்டும்!

சுருக்கி வைத்தால் அதே கலியாணம் 5 அல்லது 6 ஜி.பி.யில் அடங்கும். ஒரே பென்டிரைவ். மீதி இடமும் இருக்கும்.

எப்படிச் சுருக்குகிறார்கள்? அதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

மணமேடையை நினைத்துப் பாருங்கள். பின்னால் இருக்கும் திரை அசையாது. வாழைமரம் அசையாது. புரோகிதரின் கை மட்டும் அசைகிறது. அடுத்த படத்தில் திரையையும் வாழைமரத்தையும் மறுபடி எழுதுவானேன்? "கை மட்டும் இப்படி நகர்ந்தது" என்று குறித்தால் போதும் அல்லவா?

இன்னொரு தந்திரமும் உண்டு. நம் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களை விட்டுவிடுவார்கள்.

இந்த இரண்டாவது தந்திரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. விட்டது விட்டதுதான். வற்றலை ஊற வைத்தால் பெரிதாகும். ஆனால் செடியில் பறித்த பச்சைச் சுண்டைக்காய் ஆகுமா?

சுருக்கியதை விரித்து, மறுபடி சுருக்கினால் இன்னும் கொஞ்சம் போகும். மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம் போகும். மாற்ற மாற்றத் தேய்மானம்!

ஏன் இத்தனை பார்மேட்?

"எல்லோரும் ஒரே பார்மேட்டில் எடுத்துத் தொலைத்தால் என்ன?" என்று அக்காள் அலுத்துக் கொண்டார்.

நியாயமான கேள்வி. ஆனால் காலம் ஓடிக்கொண்டே இருக்கிறதே!

1975-ல் ஜப்பானில் சோனி கம்பெனி "பீட்டாமாக்ஸ்" கேசட்டைக் கொண்டு வந்தது. மறு ஆண்டே ஜே.வி.சி. கம்பெனி "வி.எச்.எஸ்." கேசட்டை இறக்கியது. இரண்டும் மோதின. வி.எச்.எஸ். ஜெயித்தது. நம் வீட்டுக் கலியாணங்கள் பெரும்பாலும் அதில்தான் பதிவாயின.

1992-ல் கம்ப்யூட்டருக்கு ஏ.வி.ஐ. வந்தது. 1993-ல் வி.சி.டி. வந்தது. 1996-ல் ஜப்பானில் டி.வி.டி. விற்பனைக்கு வந்தது.

2003-ல் "எச்.264" என்ற புதுச் சுருக்கு முறை வந்தது. குறைந்த இடத்தில் நல்ல படம்! இன்றைக்கு நம் செல்போனும் டெலிவிஷனும் இதைச் சர்வ சாதாரணமாகப் படிக்கின்றன. இதை எம்.பி.4 பெட்டியில் வைத்தால் ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும்.

இதோடு நின்றதா? இல்லை. 2013-ல் எச்.265 வந்தது. 2018-ல் ஏ.வி.1 வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட இறுக்கிச் சுருக்குகிறது.

புதிது வரும்போது பழையதைப் படிக்கும் கருவி மறைகிறது. இதுதான் தொல்லை. படம் சாவதில்லை. படிப்பவர் இல்லாமல் போகிறார்!

காசில்லாமல் மாற்றலாம்

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

முதலில் நான் ஒரு தப்புச் செய்தேன். செல்போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி மாற்றிப் பார்த்தேன். மாற்றித் தந்தது. ஆனால் மணமகள் முகத்தின் மேல் தன் பெயரைப் பெரிதாக அச்சடித்துவிட்டது!

இன்னோர் ஆசாமி, "இணையத்தில் ஓர் இடம் இருக்கிறது. பைலை அனுப்பினால் மாற்றித் தருவார்கள்" என்றார். முன்பின் தெரியாதவர்களுக்கு வீட்டுப் பெண்களின் படத்தை அனுப்புவதா? வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகுதான் நல்ல வழி தெரிந்தது. வீடியோவை மாற்ற இலவசமான, நம்பிக்கையான புரோகிராம்கள் இருக்கின்றன. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வேலை நடக்கும். படம் வீட்டை விட்டு வெளியே போகாது.

"எப்.எப்.எம்பெக்" என்பது ஒன்று. பாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் தொடங்கியது. "வி.எல்.சி." என்பது இன்னொன்று. பாரிசில் ஒரு கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. 2001-ல் இருந்து உலகத்துக்கே இலவசம். "ஹேண்ட்பிரேக்" என்பது மூன்றாவது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இது சுலபம்.

இவற்றில் இரண்டு விதமான வேலை உண்டு.

ஒன்று, பெட்டியை மட்டும் மாற்றுவது. உள்ளே பண்டம் சரியாக இருந்து பெட்டி மட்டும் பிடிக்காவிட்டால் இது போதும். எப்.எப்.எம்பெக் இதைச் சில வினாடிகளில் முடித்துவிடும். தேய்மானம் துளியும் இல்லை.

மற்றொன்று, உள்ளே இருப்பதை விரித்து, புது முறையில் மறுபடி சுருக்குவது. நேரம் ஆகும். தேய்மானமும் உண்டு.

எங்கள் வி.சி.டி. பைலில் பெட்டியும் பழையது. பக்குவமும் பழையது. அதனால் இரண்டாவது வழிதான். ஹேண்ட்பிரேக்கில் போட்டு, எச்.264 முறையில் எம்.பி.4 ஆக மாற்றினேன்.

இப்போது டெலிவிஷனில் படம் ஓடியது! அக்காள் கைதட்டினார். மருமகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கொண்டாள்.

பேசாத அப்பா

படம் ஓடியது. மாப்பிள்ளை அழைப்பு வந்தது. தாலி கட்டு வந்தது. அப்பா வந்தார். வாயைத் திறந்தார்.

சினிமாப் பாட்டு கேட்டது!

கடைக்காரர் ஆரம்பம் முதல் முடிவு வரை பாட்டு போட்டு நிரப்பி இருந்தார். அப்பாவின் உதடு அசைகிறது. குரல் இல்லை. பந்தி நடந்த பகுதி முழுவதையும் காணோம்.

காரணம் என்ன? ஒரு வி.சி.டி.யில் 74 நிமிடம்தான் அடங்கும். 3 மணி நேரப் படத்துக்கு 3 தட்டு வேண்டும். "ஒரே தட்டு போதும். முக்கியமானதை மட்டும் போடுங்கள்" என்று 2004-ல் கடையில் சொன்னவர் யார்?

நான்தான்! சிக்கனம் பார்த்தேன். அப்பாவின் குரலை வெட்ட வைத்தவன் நானே.

மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போனாள்.

படமும் மங்கலாகத்தான் இருந்தது. வி.சி.டி. படத்தில் குறுக்கே 352 புள்ளி, மேலிருந்து கீழே 288 வரிசை. மொத்தம் 1 லட்சத்து 1,376 புள்ளிகள். இன்றைய எச்.டி. படத்தில் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். "எச்.டி. ஆக்கித் தருகிறோம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். படத்தைப் பெரிதாக்கலாம். இல்லாத புள்ளியை ஊகித்து நிரப்பலாம். ஆனால் உண்மையில் பதிவாகாத ஒன்றை எந்தக் கருவியும் மீட்டுத் தராது.

எங்களுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் மிச்சம். பழைய கேசட்!

"அதைத் தூக்கி எறிந்துவிட்டாயா அக்கா?" என்று கேட்டேன். கேட்கும்போதே நெஞ்சு படபடத்தது.

சந்திரனில் நடந்த கதை

அன்று இரவு எனக்கு ஒரு பழைய கதை நினைவுக்கு வந்தது. மூலத்தைத் தொலைத்தவர்களின் கதை. தொலைத்தவர்கள் சாமானியர்கள் அல்ல. சந்திரனுக்கு மனிதனை அனுப்பியவர்கள்!

1969 ஜூலை 20. அமெரிக்காவின் நீல் ஆம்ஸ்டிராங் சந்திரனில் கால் வைத்த நாள். கோடிக்கணக்கான மக்கள் அதை டெலிவிஷனில் பார்த்தார்கள்.

அவர்கள் பார்த்த படம் மங்கலாக இருந்தது. ஆம்ஸ்டிராங் ஒரு நிழல் போலத் தெரிந்தார். ஏன் தெரியுமா? அது பார்மேட் மாற்றிய படம்!

சந்திரனில் இருந்து வந்த ரேடியோ அலையில் படத்துக்கு ஒதுக்க இடம் குறைவு. அதனால் சந்திரனுக்குப் போன காமிரா வினாடிக்கு 10 படம்தான் எடுத்தது. ஒரு படத்துக்கு 320 கோடு. ஆனால் அமெரிக்க டெலிவிஷனுக்கு வினாடிக்கு 30 படம் வேண்டும். 525 கோடு வேண்டும்.

என்ன செய்தார்கள்? வந்த படத்தை ஒரு திரையில் ஓட விட்டார்கள். அந்தத் திரைக்கு எதிரே ஒரு டெலிவிஷன் காமிராவை வைத்துப் படம் பிடித்தார்கள்! குறைந்த படங்களை, எடுத்ததையே திருப்பித் திருப்பிக் காட்டி நிரப்பினார்கள். அவசரத்துக்கு வேலை முடிந்தது. ஆனால் படத்தின் தெளிவு போயிற்று.

நல்ல வேளையாக, சந்திரனில் இருந்து வந்த மூலப் படம் தனியாக நாடாக்களில் பதிவாகி இருந்தது. மாற்றாத, தெளிவான படம்!

பல ஆண்டுகள் கழித்து அந்த நாடாக்களைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. 2009-ல் "நாசா" விண்வெளி நிறுவனம் உண்மையைச் சொன்னது. நாடாப் பற்றாக்குறை காரணமாக, அவற்றை அழித்துவிட்டு அதன் மேல் வேறு தகவல்களைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று தெரிய வந்தது.

கடைசியில் டெலிவிஷன் நிலையங்களில் கிடைத்த, மாற்றிய படங்களில் நல்லதாகப் பார்த்து எடுத்துச் சீர் செய்தார்கள். முன்பைவிடத் தெளிவு கூடியது. ஆனால் மூலம் மூலம்தானே? அது போனது போனதுதான்.

"மாற்றியது கையில் இருக்கிறதே, மூலம் எதற்கு?" என்ற எண்ணம் எவ்வளவு பெரிய இடத்தில் எவ்வளவு பெரிய நஷ்டத்தை உண்டாக்கிவிட்டது!

பரணில் கிடைத்தது

அக்காள் கேசட்டை எறியவில்லை!

பரணில் வெண்கலப் பானைக்குப் பின்னால், ஒரு துணிப்பையில் இருந்தது. அட்டைப் பெட்டியில் மணமக்கள் பெயர் அழியாமல் இருந்தது.

ஆனால் நாடாவைப் பார்த்ததும் திக்கென்றது. ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது.

கடைவீதியில் பழைய வீடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபதை நெருங்குகிறது. அவரிடம் டெக் இன்னும் ஓடுகிறது. இது சாதாரண விஷயம் அல்ல. உலகத்தில் கடைசியாக வி.எச்.எஸ். டெக் செய்து வந்த ஜப்பானின் புனாய் கம்பெனி 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி புது டெக் கிடையாது. இருக்கிற டெக்குகள் ஓடுகிற வரையில்தான்.

கேசட்டை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, டெக்கில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணே."

"பிழைத்தது! பூஞ்சணத்தோடு ஓட்டினால் நாடா ஒட்டிக் கிழியும். டெக்கும் கெடும். அடுத்த கேசட்டுக்கும் தொற்றும்" என்றார்.

வாயில் துணியைக் கட்டிக் கொண்டார். கேசட்டின் திருகுகளைக் கழற்றினார். நூல் பிரியாத மெல்லிய துணியால், நாடாவை மெதுவாகச் சுற்றிச் சுற்றித் துடைத்தார். வேறொரு சுத்தமான கேசட் கூட்டில் மாற்றி வைத்தார். ஒரு தடவை கடைசி வரை சுற்றி, மறுபடி முதலுக்குக் கொண்டு வந்தார்.

"நாளைக்கு வாருங்கள். 3 மணி நேரக் கேசட்டுக்கு 3 மணி நேரம் ஆகும். இதில் குறுக்கு வழி இல்லை" என்றார்.

3 மணி நேரம்

மறுநாள் அக்காளும் மருமகளும் நானும் போனோம்.

டெக்கில் இருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று 3 ஒயர்கள் வந்தன. மஞ்சள் ஒயரில் படம். மற்ற இரண்டிலும் ஒலி. அவை ஒரு சிறு கருவிக்குள் போயின. அந்தக் கருவிதான் நாடாவின் அலைகளை எண்களாக மாற்றிக் கம்ப்யூட்டருக்குத் தருகிறது.

டெக்குக்குள் ஓர் உருளை வினாடிக்கு 25 தடவை சுழல்கிறது. அரை அங்குல நாடா அதைத் தழுவிக் கொண்டு போகிறது. உருளையில் உள்ள சிறு முனைகள் நாடாவில் இருக்கும் காந்தப் பதிவைப் படிக்கின்றன. 1992-ல் பதிந்த காந்தம்!

படம் வந்தது. யாராவது கையை ஆட்டினால் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. பழைய டெலிவிஷன் ஒரு படத்தை இரண்டு பாதியாக, ஒன்று விட்டு ஒரு வரியாகக் காட்டும். அதனால் வரும் கோடு இது. "கடைசியில் எடுத்துவிடலாம். ஹேண்ட்பிரேக்கில் 'டீஇன்டர்லேஸ்' என்று இருக்கிறது" என்றார் பெரியவர்.

இன்னொன்றும் சொன்னார். "பழைய படம் சற்றுச் சதுரமானது. 4-க்கு 3 என்ற அளவு. புது டெலிவிஷன் அகலமானது. இழுத்து நிரப்பாதீர்கள். மாப்பிள்ளை குண்டாகத் தெரிவார். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்தால் இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு மணி நேரம் ஓடியது. இங்கேயும் பல இடங்களில் பாட்டுதான். அக்காளின் முகம் வாடியது.

பிறகு பந்தி வந்தது. பாட்டு நின்றது. இலை போடும் சத்தம், தண்ணீர் ஊற்றும் சத்தம், பேச்சுச் சத்தம்.

தோளில் துண்டோடு அப்பா வந்தார்.

"என்னப்பா, இந்த இலை காலியா இருக்கு? இங்கே சாம்பார் கொண்டா!"

அக்காள் என் கையைப் பிடித்துக் கொண்டார்.

அப்பா திரும்பினார். காமிராவைப் பார்த்தார். சிரித்தார்.

"என்னை எதுக்குப்பா எடுக்கிறே? பொண்ணு மாப்பிள்ளையை எடு!"

அவ்வளவுதான். கூட்டத்துக்குள் போய்விட்டார். மொத்தம் 11 வினாடி.

யாரும் பேசவில்லை. பெரியவர் கேட்காமலேயே அந்தப் பகுதியைக் கம்ப்யூட்டரில் மறுபடி ஓட விட்டார்.

மருமகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மாமா! தாத்தா குரல் உங்கள் குரல் மாதிரியே இருக்கிறது!"

என் குரலை இத்தனை ஆண்டுகளாக அவள் கேட்டுக் கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் கேசட் இருந்தால் இன்றே எடுத்துப் பாருங்கள். பூஞ்சணம் இருந்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள். தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றுவதை மூலத்தில் இருந்து மாற்றுங்கள். மாற்றியதில் இருந்து மாற்றாதீர்கள். கேசட் இருக்கும்போது வி.சி.டி.யில் இருந்து மாற்றுவது, நகலுக்கு நகல் எடுப்பது போலத்தான்.

முழுவதையும் மாற்றுங்கள். "முக்கியமானது மட்டும்" என்று வெட்டாதீர்கள். எது முக்கியம் என்பது 30 ஆண்டு கழித்துத்தான் தெரியும்!

எச்.264 முறையில், எம்.பி.4 பெட்டியில் வையுங்கள். ஹேண்ட்பிரேக்கில் தரத்துக்கு ஓர் எண் கேட்கும். பழைய கேசட் படத்துக்கு 18 முதல் 22 வரை வைக்கலாம். எண் குறைந்தால் படம் நன்றாக இருக்கும். பைல் பெரிதாகும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வீடியோ அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்பினால் அப்படியே போகும்.

மாற்றியதும் முதலில் இருந்து கடைசி வரை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். படம் இருக்கிறதா, ஒலி இருக்கிறதா, உதடும் பேச்சும் ஒத்துப் போகின்றனவா என்று கவனியுங்கள்.

ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிரதி உங்கள் வீட்டில். ஒரு பிரதி உடன்பிறந்தவர் வீட்டில். பென்டிரைவும் கெடும் பொருள்தான்.

மாற்றி முடித்த பிறகும் கேசட்டை எறியாதீர்கள். அதுதான் மூலம்.

எங்கள் கேசட் இப்போது பரணில் இல்லை. அக்காளின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது.

மருமகளின் கலியாணத்துக்கு வரும் வீடியோக்காரரிடம் அக்காள் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

"பாட்டு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள் தம்பி. ஆனால் பாட்டுப் போடாத மூல பைல்கள் அத்தனையும் எனக்கு வேண்டும். பந்தியை மறந்துவிடாதீர்கள்!"